ஜாக்கிரதை யாரு வீட்டு சொல்லு? பேச்சுப் போட்டி நடத்துனவங்களுக்கு ஒரு திறந்த மடல்

போட்டி நடத்துன அண்ணன்மார், அக்காமார், நடுவரா உட்கார்ந்த ஆசிரியருங்க, பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்து பொறுப்பாளருங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் உங்க ஊர்க்காரன்தான். நம்ம மலேசியாவுல, சுங்கை சிப்புட் பக்கத்துல, ரப்பர் தோட்டத்து ஆளுங்க குடியிருக்கற லயத்துல பொறந்து, அப்பா அம்மா வேலைக்குப் போனா புள்ளைங்கள பாத்துக்கற ஆயாக்கொட்டாயில வளந்து, அதே தோட்டத்து ஆபிஸ்ல கிராணியா, அதாவது குமாஸ்தாவா, 31 வருஷம் ஆளுங்க வேலைக்கு வந்த கணக்கு, செக்ரோல், எழுதிட்டு ரிட்டயர் ஆனவன். யாரு பேரையும் இதுல சொல்லப் போறதில்ல, யாரு மேலயும் கோவமும் இல்ல, ஆனா மனசுல இருக்கறத எழுதாம இருக்க முடியல, ரெண்டு வாரமா தூக்கம் சரியில்ல.

போன மாசம் போட்டியில என் பேத்தி பேசுனா. நாலாம் ஆண்டு படிக்கிறா, தலைப்பு சாலைப் பாதுகாப்பு. வீட்டுக்குப் பின்னாடி கோழிக்கூண்டு பக்கத்துல நின்னு பத்து நாளு மனப்பாடம் பண்ணா, எங்களுக்கே மனப்பாடம் ஆயிருச்சு. அதுல ஒரு இடத்துல "எங்க பாட்டி தினமும் கேட் வரைக்கும் வந்து, ஜாக்கிரதையா போ கண்ணு, லோரி வரும்னு சொல்லுவாங்க"ன்னு வரும், அது யாரும் எழுதிக் குடுத்தது இல்ல, அவளே சேத்துக்கிட்டது. பேசி முடிச்சதும் மைக்குல சொன்னாங்க, ஜாக்கிரதைங்கறது தமிழ் இல்ல, சமஸ்கிருதம், அதுக்கு ரெண்டு மார்க் கொறச்சிருக்கோம், வீட்ல பெரியவங்க நல்ல தமிழ் பேசி பழக்கணும்னு. ஹால்ல எல்லாரும் இருந்தாங்க. என் வீட்டுக்காரம்மாவும் ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருந்தாங்க.

பரிசு வரலைன்னு புள்ள அழல. ராத்திரி சாப்பிடும்போது கேட்டா, "தாத்தா, பாட்டி பேசறது தமிழ் இல்லையா?" மறுநாள் காலைல ஆறே முக்காலுக்கு வழக்கம்போல பாட்டி கேட்கிட்ட போய் நின்னாங்க, புள்ள செருப்பு மாட்டி பையைத் தூக்கி கெளம்புனா, இவங்க வாயத் தொறந்தாங்க, எதுவும் வரல, கொஞ்ச நேரம் நின்னுட்டு பையோட வாரை மட்டும் சரி பண்ணி விட்டுட்டு உள்ள வந்துட்டாங்க. ஏழு வருஷம் ரப்பர் மரத்துல பால் வெட்டி, அப்புறம் செம்பனைக்கு, அதான் எண்ணெய்ப் பனைக்கு, மருந்து அடிச்சு, மூணு புள்ளைங்கள தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புன பொம்பளை அவங்க. அவங்க வாயில அந்த சொல்லு நின்னுபோச்சு. இந்த மடல் அதுக்காகத்தான்.

மொதல்ல, நீங்க சொன்னது தப்புன்னு நான் சொல்ல வரல. ஜாக்கிரதை வடமொழியில இருந்து வந்ததுதான், அதுல எனக்கு சந்தேகம் இல்ல. ஆனா அங்கயே நிறுத்திட்டீங்க, அதுதான் என் வருத்தம். எங்கேருந்து வந்துச்சுன்னு சொன்னீங்க, என்னவா வந்துச்சுன்னு சொல்லல, வந்து இங்க என்ன பண்ணுச்சுன்னும் சொல்லல.

சமஸ்கிருதத்துல ஜாக்ருன்னு ஒரு வேர் இருக்கு, அதுக்கு அர்த்தம் முழிச்சிருக்கறது. ஜாக்ரத்னா முழிச்சிருக்கிற ஆளு. அவ்வளவுதான். கவனம், பாதுகாப்பு, ஆபத்துன்னு எதுவும் அதுல மொதல்ல கிடையாது, தூங்கல, கண்ணு தொறந்திருக்கு, அதான் அர்த்தம். நம்ம கோயில்ல சைவ சித்தாந்தம் படிச்ச பெரியவங்களுக்கு இது நல்லாவே தெரியும், சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம்னு உயிரோட நிலை அஞ்சு, அஞ்சு அவத்தைன்னு சொல்லுவாங்க இல்லையா, அதுல மொதல்ல வர்ற சாக்கிரமும் நம்ம ஜாக்கிரதையும் ஒரே வேர்ல முளைச்சது. தமிழ்ல அதை நனவுன்னு சொல்றோம். தெலுங்குக்காரங்க ஜாக்ரத்தன்னு சொல்றாங்க, மலையாளத்துல ஜாக்ரத, கன்னடத்துல ஜாக்ரதெ, எல்லாரும் அதே மாதிரி முழிச்சிருக்கறதுல இருந்து கவனமா இருக்கறதுக்கு வந்து சேந்திருக்காங்க.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. மலாய்ல ஜாகான்னா என்ன? தூக்கத்துல இருந்து முழிச்சா ஜாகா, காவல் இருந்தா ஜாகா, புள்ளைய பாத்துக்கிட்டா ஜாகா, ராத்திரி வாட்ச்மேன் வேலை பாக்கற ஆளும் ஜாகா. அதுவும் அதே ஜாக்ருதான், ரொம்ப காலத்துக்கு முன்னாடியே கடல் தாண்டி மலாய்க்குள்ள போய் உட்கார்ந்துருச்சு. அப்ப பாருங்க, நம்ம தோட்டத்து சனம் கப்பல் ஏறி வரும்போது ஜாக்கிரதைய இடுப்புல முடிஞ்சுக்கிட்டு வந்தாங்க, இங்க எறங்குனா அதோட கூடப்பொறந்தது ஜாகான்னு பேரு வெச்சுக்கிட்டு ஏற்கனவே நின்னுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டும் ஒரே தோட்டத்துல வேலை பாத்துச்சு. யாரும் அதை கவனிக்கல, அவ்வளவுதான்.

எங்கப்பா ஜாகாவா இருந்தாரு. 1948 ஜூன் 16ல நம்ம சுங்கை சிப்புட் தோட்டத்துங்கள்ல மூணு வெள்ளக்கார துரைங்கள கம்யூனிஸ்ட்டுங்க சுட்டது, ரெண்டு நாள்ல அவசரகாலம் அறிவிச்சது, 1960 வரைக்கும் அது இருந்தது எல்லாம் உங்களுக்கே தெரியும், ஊர் பெரியவங்க யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. சிதறிக் கெடந்த லயங்கள ஒண்ணா கூட்டி முள்ளுக்கம்பி வேலி போட்டு, இருட்டுனா வெளிய போகக்கூடாதுன்னு சட்டம். அந்த காலத்துல அப்பா பகல்ல பால் வெட்டு, ராத்திரி முறை வெச்சு ரப்பர் ஷீட்டு காயற பொகை வீட்டுக்கு ஜாகா. ஸ்டோர் வாசல்ல ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். மணிக்கு ஒரு தடவை அதுல இரும்பால அடிக்கணும், ஒரு மணின்னா ஒரு அடி, ரெண்டு மணின்னா ரெண்டு. அடி கேக்கலைன்னா ஜாகா தூங்கிட்டான்னு அர்த்தம், இல்லன்னா வேற ஏதோ ஆயிருச்சுன்னு அர்த்தம். எங்கம்மா சொல்லுவாங்க, தூக்கத்துலயே எண்ணுவாங்களாம், மூணு அடி விழுந்ததும் திரும்பி படுப்பாங்களாம், விழலைன்னா எழுந்து உட்கார்ந்துருவாங்களாம். ராத்திரி அவரு வேலைக்கு கெளம்பும்போது அம்மா சொன்னது என்னன்னு நெனைக்கிறீங்க? "ஜாக்கிரதையா இருங்க"ன்னுதான். அவங்களுக்கு சமஸ்கிருதம் தெரியாது, தமிழ்லயே கையெழுத்து போட தெரியாது, ஆனா அந்த சொல்லோட மொத அர்த்தத்தை, தூங்காம இருங்கங்கறத, எந்த அகராதியும் பாக்காம சரியா அந்த எடத்துல வெச்சு சொன்னாங்க.

இதை நான் எங்க தாமான், அதான் குடியிருப்பு, வாசல்ல கார்டு ஹவுஸ்ல இருக்கற நேப்பாளி தம்பிகிட்ட சொன்னேன். அவரு சிரிச்சிட்டு, எங்க பாஷையிலயும் முழிக்கிறதுக்கு ஜாக்னுதான் அங்கிள், சிவராத்திரிக்கு ராத்திரி பூரா முழிச்சிருக்கறதுக்கு ஜாக்ராம்னு சொல்லுவோம்னாரு. நாமளும் சிவராத்திரிக்கு கண்ணு முழிக்கிறோம். ராத்திரி ரெண்டு மணிக்கு டார்ச் லைட்டோட நிக்கிற அந்த தம்பி வேலைக்கும் பேரு ஜாகா.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது எனக்கே ரொம்ப ஆச்சரியமா இருந்துச்சு. அந்த ஜாக்ருவுக்கு கிரேக்க மொழியில ஒரு சொந்தம் இருக்கு, அங்கயும் முழிக்கிறதுன்னுதான் அர்த்தம், அதுல இருந்து வந்த பேருதான் கிரகோரி, முழிப்பா இருக்கறவன்னு அர்த்தம். சர்ச்சுக்கு போற எத்தனை குடும்பத்துல அந்த பேர் இருக்கு. 1582ல போப்பாண்டவர் பதிமூணாம் கிரகோரி திருத்துன காலண்டரத்தான் கிரகோரியன் காலண்டர்ங்கறோம், அதுதான் நம்ம வீட்டு செவுத்துல தொங்குது, போட்டி நாளக்கூட அதுல பாத்துதான் குறிச்சிருப்பீங்க.

சரி, தமிழ்ல வேற சொல்லே இல்லையான்னு கேப்பீங்க. இருக்கு, நெறைய இருக்கு, எனக்கு அதெல்லாம் உயிரு. குறள்ல 54வது அதிகாரமே பொச்சாவாமை, மறந்துபோய் அசட்டையா இருக்காம இருக்கறதப் பத்தி பத்து குறள். இன்னொரு எடத்துல, 383ல, நாட்டை ஆளறவனுக்கு வேணும்னு மூணு சொல்றாரு, அதுல மொதல்ல நிக்கறது தூங்காமை. காரியத்துல சோம்பிக் கெடக்காம இருக்கறதுன்னு அர்த்தம், ஆனா சொல்லு என்னமோ தூங்காமைதான். விழிப்புன்னு சொல்றோமே, அதுலயும் விழிதானே இருக்கு, கண்ணு தொறந்திருக்கறதுதானே. நீங்க ஜாக்கிரதைக்கு பதிலா எழுதச் சொன்ன எச்சரிக்கையக்கூட எடுத்துக்கங்க, கன்னடத்துல எச்சரன்னா முழிப்புன்னும் அர்த்தம், கவனம்னும் அர்த்தம், நம்ம எச்சரிக்கைக்கு அதுதான் சொந்தக்காரன். ஆக வடக்கத்திக்காரனும் சரி, நம்ம ஆளும் சரி, கிரேக்கத்துக்காரனும் சரி, ஒரே எடத்துல இருந்துதான் யோசிச்சிருக்கான். இதை அந்த புள்ளைங்களுக்கு மேடையில சொல்லியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சு பாருங்க. மொத்த ஹாலும் கேட்டிருக்கும்.

ஆனா எச்சரிக்கைய ஜாக்கிரதை இருந்த எடத்துல அப்படியே தூக்கி வைக்க முடியாது. எச்சரிக்கைனு போர்டுல எழுதலாம், நியூஸ்ல வாசிக்கலாம், மழை வெள்ளம் வரும்போது சொல்லலாம். ஸ்கூலுக்கு போற ஒம்போது வயசு புள்ளைய கேட்கிட்ட நிறுத்தி எச்சரிக்கையா போ கண்ணுன்னு எந்த பாட்டி சொல்லுவாங்க? சொன்னா புள்ள பயந்துரும். சொல்லுங்களுக்கு எடம் இருக்கு. படிக்கட்டு ஈரமா இருந்தா "பாத்து போ". பஸ் ஏறி கோலாலம்பூருக்கு வேலைக்கு போற பையனுக்கு "பத்திரமா போயிட்டு வா". வாத்தியார் பாடம் எடுத்தா "கவனமா கேளு". பணத்தை சேலை முந்தானையில முடியும்போது "பதனம்". மதுர பக்கத்துல இருந்து வந்த குடும்பத்து கெழவிங்க "சூதானமா இருந்துக்க"ன்னு சொல்லுவாங்க, இப்ப கேக்கறதே அபூர்வம். வாலிபப் பசங்க "டேய் உஷாரு"ங்கறாங்க, அது பாரசீகத்துல இருந்து உருது வழியா வந்தது, ஹோஷ்னா சுயநினைவு. ஜாக்கிரதை இதுல எல்லாத்தையும் விட கொஞ்சம் கனமானது, எதிர்ல ஆபத்து நெஜமாவே இருக்குன்னு தெரிஞ்சு சொல்றது. நாய்கள் ஜாக்கிரதைன்னுதானே கேட்ல எழுதறோம், நாய்கள் கவனம்னு எழுதுனா நாய்க்கு யாரோ சோறு வைக்கச் சொன்ன மாதிரி இருக்கும். பெரியவங்க மெரட்டும்போதும் "வாயை அடக்கிப் பேசு, ஜாக்கிரதை"ன்னு ஒத்த சொல்லா விழும். செம்பனை லோரி அந்த ரோட்டுல எப்படி வரும்னு உங்களுக்கு தெரியும், ஒரு குலையே இருவது கிலோ வரும், லோரி நெறைய ஏத்திக்கிட்டு வளைவுல ஒடிச்சா ரெண்டு மூணு குலை ரோட்டுல உருளும். அதுக்கு என் வீட்டுக்காரம்மா தேர்ந்தெடுத்த சொல்லு ஜாக்கிரதை. சரியான சொல்லத்தான் எடுத்திருக்காங்க.

சூதானம்னு சொன்னேனே, அது சாவதானம் திரிஞ்சு வந்தது, சாவதானத்துக்குள்ள இருக்கறது அவதானம். சிலோன்காரங்க இன்னிக்கும் அவதானம்னுதான் ரோட்டுல போர்டு வைக்கிறாங்க. நூறு காரியத்தை ஒரே நேரத்துல மனசுல வாங்குனவரை சதாவதானின்னு கொண்டாடுனோம், நாகர்கோவில் கோட்டாத்து செய்குத்தம்பிப் பாவலர் பேர சொல்லும்போதே சதாவதானின்னு சேத்துதான் சொல்றோம். ஒரு முஸ்லிம் தமிழ்ப் புலவருக்கு வடமொழியில பட்டம், அதனால அவரு தமிழ் கொறஞ்சு போயிருச்சா?

பத்திரத்துல இன்னொரு அழகு இருக்கு. வடமொழியில பத்ரம்னா நல்லது, மங்களம். பத்ரம்னே இன்னொண்ணு இருக்கு, அதுக்கு இலை, ஓலைன்னு அர்த்தம். அங்க ரெண்டும் வேற வேற எழுத்து, வேற வேற சத்தம், தமிழ் எழுத்துல ப ஒண்ணுதான், அதனால ரெண்டும் இங்க வந்து ஒரே வீட்டுல குடியேறிருச்சு. நெலத்து பத்திரத்த பத்திரமா வைன்னு எங்கப்பா தகரப்பெட்டிய காட்டி சொல்லுவாரு, எனக்கு சின்ன வயசுல ரெண்டும் ஒரே சொல்லுன்னுதான் நெனப்பு, பத்திரமா வைக்க வேண்டியதாலதான் அதுக்கு பத்திரம்னு பேருன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். தப்புதான், ஆனா தமிழ் அதை அப்படி நெனைக்க வெச்சிருக்கே.

தனித்தமிழ் வேண்டாம்னு நான் சொல்றதா தயவுசெஞ்சு எடுத்துக்காதீங்க. 1916 வாக்குல மறைமலை அடிகள் ஆரம்பிச்சு வெச்ச அந்த வேலை நடக்கலைன்னா இன்னிக்கு நம்ம கூட்டத்துல நமஸ்காரம், அக்கிராசனர், அபேட்சகர்னுதான் பேசிக்கிட்டு இருப்போம். வணக்கம், தலைவர், வேட்பாளர்னு வாய் நெறைய சொல்றோம்னா அவங்க பட்ட பாடு. இந்த நாட்டுல தமிழ்ப்பள்ளி நிக்கறதே உங்கள மாதிரி ஆளுங்க சம்பளம் பாக்காம ஞாயித்துக்கெழமை வந்து நாற்காலி அடுக்கறதாலதான், அது எனக்கு தெரியும், நானும் அடுக்கியிருக்கேன். நல்ல தமிழ் கத்துக் குடுங்க, விழிப்புன்னு ஒரு சொல்லு இருக்குன்னு புள்ளைக்கு சொல்லுங்க, அவ ஆசையா எடுத்துக்குவா. ஆனா கத்துக் குடுக்கறது வேற, மார்க்க வெட்டறது வேற.

பால் வெட்டுல ஒரு விஷயம் உண்டு. விடிகாலைல நெத்தி லைட்டு வெளிச்சத்துல மரத்தை கட்டிப் புடிச்ச மாதிரி நின்னு, இடது பக்கம் மேல இருந்து வலது பக்கம் கீழ கத்திய இழுக்கணும். பட்டைக்குள்ள பால் இருக்கு, பட்டைக்கு அந்தப் பக்கம் மரத்தோட உயிர் இருக்கு, நடுவுல விடவேண்டியது ஒரு மில்லிமீட்டர் பட்டைதான். கம்மியா வெட்டுனா பால் வராது, ஒரு இழுப்பு ஆழமா போனா காயம், காயம் பட்ட எடத்துல பட்டை திரும்ப வளரும்போது முண்டு முண்டா வரும், அப்புறம் அந்த எடத்துல ஒழுங்கா வெட்டவே முடியாது. என் வீட்டுக்காரம்மா புதுசா வெட்டுக்கு போனப்ப அவங்க மாமியார், எங்கம்மாதான், பின்னாடி நின்னு கைய புடிச்சு பழக்குனாங்க, "பதனமா, பதனமா, மரத்துக்கு காயம் போட்டுறாத"ன்னு. புள்ளைங்க நாக்குல வடமொழிய எடுக்கறேன்னு கத்திய வைக்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் எங்க முடியுதுன்னு பாக்கணும்.

இன்னொண்ணு, அதே வரியில லோரின்னு ஒரு சொல்லு இருந்துச்சு. அதுக்கு மார்க் கொறையல. கொறச்சிருக்கணும்னு நான் கேக்கல. ஆனா லோரி போகலாம், பாட்டியோட ஜாக்கிரதை போகக்கூடாதுன்னா என்ன கணக்குன்னு ஒரு ஒம்போது வயசு புள்ளைக்கு எப்படி புரியும்? விதிமுறை இருந்தா போட்டிக்கு முன்னாடி எழுதி குடுத்துருங்க, பேச்ச தயார் பண்ற அப்பா அம்மா பாத்துக்குவாங்க, அடுத்த வருஷமாவது அப்படி செய்யுங்க.

அப்புறம் அந்த போர்டு விஷயம். ஸ்கூல் கேட்கிட்ட ரோட்டோரமா இருக்கற "ஜாக்கிரதை, பள்ளிப் பிள்ளைகள்" போர்ட எடுத்துட்டு எச்சரிக்கைன்னு புதுசு வைக்கப் போறதா கூட்டத்துல பேசுனதா கேள்விப்பட்டேன். மலாய்ல மேல ஹாத்தி-ஹாத்தின்னு இருக்கும், ஹாத்தின்னா அவங்களுக்கு ஈரல், மனசுன்னும் அர்த்தம், அதை ரெண்டு தடவை சொன்னா கவனம். நமக்கும் பயந்தா ஈரக்கொலதானே நடுங்குது. அதுக்கு கீழ நம்ம எழுத்துல ஜாக்கிரதை. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி பெற்றோருங்களே காசு போட்டு எழுதுனது. லோரி ஓட்டற நம்ம பசங்க எத்தனையோ பேரு பள்ளியில படிச்சு முடிச்சும் முழுசா தமிழ் வாசிக்க தெணறுவாங்க, ஆனா அந்த சொல்லோட உருவம் கண்ணுல பட்டாலே கால் பிரேக்குக்கு போகும், ஏன்னா சின்ன வயசுல இருந்து காதுல விழுந்த சொல்லு அது. அதை எடுக்காதீங்க. விழிப்புன்னு கூட சேத்து எழுதணும்னா தாராளமா எழுதலாம், எடம் இருக்கு, நான் அளந்து பாத்துட்டேன்.

என் பேத்திக்கு பரிசு குடுங்கன்னு கேக்கல. ஜெயிச்ச புள்ள அருமையா பேசுச்சு, நானும் கைதட்டுனேன். சொன்னவங்க யாராவது ஒருத்தர், மைக்குல வேண்டாம், அசெம்பிளியில வேண்டாம், அந்தப் பக்கம் போகும்போது எங்க வீட்டு கேட்ல வண்டிய நிறுத்தி, "அம்மா, நீங்க பேசறதும் தமிழ்தாங்க"ன்னு என் வீட்டுக்காரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு போங்க. காலைல ஆறே முக்காலுக்கு அவங்க கண்டிப்பா அங்க நிப்பாங்க.

போர்டுல செவப்பு பெயிண்ட் உரிஞ்சு போய் கிரதைன்னு மட்டும்தான் தெரியுது. ஒரு டின்னு பெயிண்ட்டும் ரெண்டு பிரஷும் வாங்கி வெச்சிருக்கேன், ஏணி எங்கிட்டயே இருக்கு. சங்கத்துல சரின்னு சொன்னா வர்ற சனிக்கெழம காலைல வெயில் ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சிரலாம். பக்கத்து கேட் சாவி யாருகிட்ட இருக்குன்னு மட்டும் சொல்லி அனுப்புங்க.

இப்படிக்கு,
நாலாம் ஆண்டு மாணவி ஒருத்தியோட தாத்தா